மழையில் நின்ற நாலாம் சுற்று

எங்கள் பகுதிக் குத்துச்சண்டைக் கழகத்தின் செயலாளர் தம்பி ரஞ்சன் போன கிழமை வீட்டுக்கு வந்தார். கழகத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். இனிமேல் ஒவ்வொரு போட்டியிலும் ரிங்குக்குப் பக்கத்தில் ஒரு டொக்டர் இருப்பாராம். அவர் கை காட்டினால் மத்தியஸ்தர் உடனே சண்டையை நிறுத்த வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். தெளிவாகச் சொல்லக்கூடிய ஆளைப் பிடியுங்கள் தம்பி, என்னிடம் மிஞ்சியிருப்பது குழப்பம்தான் என்றேன். "குழப்பத்தையே எழுதுங்கோ அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இடையிடையே "அப்படியா நடந்தது, அப்பா?" என்று கேட்கிறாள். சிலதுக்கு ஓம் என்கிறேன். சிலதுக்கு எனக்கே தெரியாது.

என் பெயர் செபஸ்தியான். ஆட்டத்துக்கு வைத்த பெயர் வேறு. போட்டி ஒழுங்குபண்ணினவர்கள் அதை இங்கிலீஷில் வைத்தார்கள். அர்த்தம் என்னவென்று கேட்டேன், ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். அப்பா கொழும்பு ஹார்பரில் பாரம் இறக்கும் படகில் வேலை செய்தவர். நானும் மீசை முளைக்குமுன் நிலக்கரி இறக்கப் போனேன். அங்கே என் கூட்டாளி ஒருவன் குத்துச்சண்டை பழகினான். அவனுக்கு அடித்துப் பழக ஒரு பெரிய உடம்பு தேவைப்பட்டது. அந்த உடம்பு நான். ஒரு வருசம் அடி வாங்கினேன். பிறகு கூட்டாளி கலியாணம் முடித்து நீர்கொழும்புக்குப் போய்விட்டான். அவனைப் பழக்க வந்த சாலி மாஸ்டரும் நானும் மிஞ்சினோம். "வேற வழியில்ல மகன், இனி உங்களைத்தான் பழக்க வேணும்" என்றார். என்னுடைய தொழில் ஆரம்பமானது இப்படித்தான்.

அன்றைய கணக்கில் நூற்றெழுபத்தைந்து ராத்தலுக்கு மேலே இருந்தால் ஹெவி வெயிட். கொழும்பில் நன்றாகச் சண்டை பிடித்தவர்கள் எல்லாம் மெலிந்த, கையடக்கமான பொடியன்கள். கழகத்துத் தராசு என்னைத் தாங்காது. புறக்கோட்டையில் ஒரு வெங்காயக் கடையில், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றித்தான் என்னை நிறுப்பார்கள். மூட்டை தூக்கும் கடை நாட்டாமைகள் சுமையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். என் பாரத்துக்கு எதிராளி உள்ளூரில் இல்லை. கப்பல் வந்தால் அதில் ஒரு பெரிய ஆள் இருப்பான், எனக்கு ஆட்டம் இருக்கும். கப்பல் போனால் இல்லை. ஒருமுறை சனம் முழுக்க வந்து உட்கார்ந்த பிறகு எதிராளியின் கப்பல் போய்விட்டது என்று செய்தி வந்தது. வந்த சனத்துக்கு ஏதாவது காட்டு என்றார்கள். காற்றோடு சண்டை பிடித்தேன். கை தட்டினார்கள். வென்றேனா தோற்றேனா என்று வீட்டில் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொருமுறை இது வெறும் காட்சி ஆட்டம், பலமாக அடிக்காதே என்று எனக்குச் சொன்னார்கள். எதிராளிக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். ஒழுங்குகள் எல்லாம் இங்கிலீஷில் நடக்கும். எனக்கு வந்து சேரும்போது பாதிதான் இருக்கும்.

சாலி மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொம்பனித்தெரு மலாய்க்காரர். முன்பு சிறைக்காவலராக இருந்தவர். குட்டையான ஆள். தொப்பியைக் கழற்றி நான் கண்டதில்லை. சத்தம் போட மாட்டார். ஆட்டத்துக்கு முன் மண்ணெண்ணெய்ப் பெட்டியில் உட்கார்ந்து என் கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொள்வார். துணிப்பட்டியை மணிக்கட்டில் தொடங்கி, பெருவிரலைச் சுற்றி, ஒவ்வொரு விரலுக்கு இடையாலும் கொண்டுபோய், விரல் மொழிகளுக்கு மேலே மடித்து மடித்துக் கட்டுவார். பொத்தச் சொல்வார், விரிக்கச் சொல்வார். கட்டியதில் ஒரு சுருக்கம் இருந்தாலும் முழுவதையும் அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குவார். பிறகு புருவத்தில் வசலீன் பூசுவார். அவ்வளவு நேரமும் கதைக்க மாட்டார்.

ஒவ்வொரு சுற்று முடிந்து மூலைக்கு வந்ததும் ஈரப் பஞ்சால் பிடரியைத் துடைத்துக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்பார்: "இது எந்தச் சுத்து, மகன்?" சரியாகச் சொன்னால் தண்ணி தருவார். பிழையாகச் சொன்னால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. துவாயை ரிங்குக்குள் எறிந்துவிடுவார். எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த டொக்டர் அந்தக் கேள்விதான்.

இன்னொரு பாடமும் வைத்திருந்தார். எதிராளியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. தோளையும் நெஞ்சையும்தான் பார்க்க வேண்டும். அடி கிளம்புவது அங்கேயிருந்துதான், முகத்தில் அது தெரியாது என்பார். ஏழெட்டு வருசம் சண்டை பிடித்தேன். எதிராளிகள் ஒருவருடைய முகமும் எனக்கு ஞாபகமில்லை. ஒருவரைத் தவிர.

அவர் பெயர் சாமுவேல். ரங்கூன் சாமுவேல் என்பார்கள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழ் ஆள். யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்தபோது சனத்தோடு சனமாக நடந்தே இந்தியாவுக்கு வந்தவர். பிறகு ஊர் ஊராகப் போய்ச் சண்டை பிடித்தார். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின காலத்தில், ஒரு மனேஜர் அவரைத் தலைமன்னார்க் கப்பலில் கொழும்புக்குக் கூட்டிவந்தார். என் பாரம், என் உயரம், என் பாசை. இப்படி ஒரு எதிராளி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. சனத்துக்கும் அது புதினம். கொட்டாஞ்சேனையில் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில் ஆட்டம். அன்றைக்கு நிற்க இடமில்லை.

முதல் மூன்று சுற்றும் அவர் என்னைவிட நன்றாகச் செய்தார். கால் வேகம். இடது கையை நீட்டி நீட்டி என் மூக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் சுற்றின் கடைசியில் என் வலது கை அவருடைய காதுக்குப் பின்னால் பட்டது. பலமான அடி என்று நான் நினைக்கவில்லை. கை வழுக்கிப் போனது போலத்தான் இருந்தது. நாலாம் சுற்றுக்கு அவர் சாதாரணமாகத்தான் வந்தார்.

சுற்று நடந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்தது. தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் வேறு ஒன்றுமே கேட்கவில்லை. அப்போது சாமுவேல் இரண்டு கையையும் கீழே போட்டார். போட்டுவிட்டு ரிங்கின் நடுவில் நிமிர்ந்து நின்றார்.

மணி அடித்துவிட்டது, மழையில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். திரும்பி என் மூலைக்கு நடந்தேன். மாஸ்டர் கையில் பிடித்த துவாயை ஆட்டி, போங்கள், போங்கள் என்று சைகை காட்டினார். மணி அடிக்கவில்லை. திரும்பினேன். அவர் அதே இடத்தில் நின்றார். மத்தியஸ்தர் ஒரு வெள்ளைக்கார இராணுவ அதிகாரி. என் காதுக்குக் கிட்ட வந்து, சண்டை பிடி என்றார். சனம் தமிழிலும் சிங்களத்திலும் அடி, அடி என்று கத்துவது வாய் அசைவில் தெரிந்தது. கையை உயர்த்தினேன்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன்.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். ஆனால் பஸ்ஸில் இருக்கிற ஆள் தெருவைப் பார்ப்பது மாதிரி. பயம் இல்லை, நோவும் இல்லை. இது ஏதோ தந்திரமாக இருக்கும், கிட்டப் போனால் விழும் என்று ஒரு நினைப்பு. இல்லை, இந்த ஆளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று இன்னொரு நினைப்பு. என்ன செய்வதென்று தெரியாமல் கையுறையால் அவருடைய தோளை மெல்லத் தொட்டேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, ஒடுங்கின ஒழுங்கையில் எதிரே வருகிறவருக்கு வழி விடுவதைப்போல ஒரு பக்கமாக விலகி நின்றார்.

அதற்குப் பிறகு எனக்குக் கை எழவில்லை. மத்தியஸ்தர் இரண்டு மூன்று தரம் எச்சரித்தார். கடைசியில் இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிக் கை காட்டினார். முடிவில்லாத ஆட்டம் என்று அறிவித்தார்கள். பேசி வைத்த கள்ளச் சண்டை என்று சனம் கத்த, கதிரைகள் பறந்தன.

உடுப்பு மாற்ற ஒரே அறைதான், நடுவில் மறைப்புக்கு ஒரு படங்கு தொங்கும். அவருடைய மனேஜர் வெளியே சனத்தோடு வாதாடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருடைய மூலையில் நின்றது இரவல் ஆள், அவனையும் காணோம். படங்கை விலக்கிப் பார்த்தேன். சாமுவேல் வாங்குப் பலகையில் தனியாக இருந்தார். யாரோ கையுறையையும் துணிப்பட்டியையும் கழற்றி அவருடைய மடியில் வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார்.

"கட்டி விடுங்கண்ணே. நம்ம பேரை எப்பக் கூப்பிடுவாங்க?"

எனக்குப் பின்னால் மாஸ்டர் வந்து நின்றது தெரிந்தது. அவர் குனிந்து, என்னைக் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"இது எந்தச் சுத்து, மகன்?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் சாமுவேல்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இண்டைக்கு ஆட்டம் இல்லை. மழை. நிப்பாட்டிட்டாங்கள்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். முகம் லேசானது.

"நல்லதாப் போச்சு. காலையில இருந்தே தலை ஒரு மாதிரியா இருந்துச்சு."

காலையிலிருந்தே என்றால், அது என் அடி இல்லையா? அல்லது அவருக்கு அந்த நேரம் காலையும் மாலையும் குழம்பிவிட்டதா? அதற்கு முந்தின கிழமை வேறு ஊரில் எங்காவது அடி வாங்கியிருந்தாரா? மனேஜரிடம் கேட்டோம். இல்லவே இல்லை என்றார், அதுவும் மிக அவசரமாக. மாஸ்டர் சாமுவேலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் தெளிந்துவிட்டார், ஆனால் ஆட்டத்தில் ஒரு துளியும் ஞாபகமில்லை என்று கேள்விப்பட்டேன்.

பிறகு குத்துச்சண்டைச் சபையின் விசாரணை. ஒரு நீள மேசை, அதற்குப் பின்னால் மூன்று துரைமார். மொழிபெயர்க்க ஒரு கிளாக்கரை வைத்திருந்தார்கள். எதிராளி கையைத் தொங்கப் போட்டு நிற்கும்போது ஏன் அடிக்கவில்லை என்பது கேள்வி.

"அவர் அங்க இல்ல, சேர்" என்றேன்.

கிளாக்கர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரைமார் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி கேள்வி வந்தது: எதிராளி ரிங்கில் இருந்ததை இரண்டாயிரம் சனம் பார்த்திருக்கிறது, அவர் இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்? ஆள் இருந்தார், உள்ளே இல்லை என்றேன். எதற்குள்ளே என்று கேட்டார்கள். கடைசியில் என் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குத் தலை சரியாயிருக்கவில்லை என்று கிளாக்கர் சொல்லியிருக்க வேண்டும். அதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு ஆறு மாதத் தடை. முயற்சி செய்யாமல் நின்றது குற்றம். மாஸ்டர் வெளியே நின்றார். நான் செய்தது சரியா என்று அவரிடம் கேட்டேன். "நான் மூலையில இருந்தேன் மகன், எனக்கு முதுகுதான் தெரிஞ்சது" என்றார். அதற்குமேல் அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

என் தடை ஆறு மாதத்தில் முடிந்தது. சாமுவேலுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு ஆட்டம் கொடுக்க ஒருவரும் இல்லை. தலை சரியில்லாத ஆள் என்ற கதை கொழும்பிலிருந்து சென்னைவரை போய்விட்டது. மனேஜர் அவரை விட்டுவிட்டுப் போனார். சாமுவேல் புறக்கோட்டையில் ஒரு அரிசிக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று வெங்காயக் கடை நாட்டாமைகள் சொன்னார்கள். போய்ப் பார்க்க நினைப்பேன். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டுவிடுவேன். அப்படியே கொஞ்சக் காலம் போனது. கள்ளச் சண்டை என்று கத்தின சனத்துக்கே மறுபடி ஆசை வந்தது. வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட ஒரு கூடாரம் அடித்து எங்கள் இரண்டு பேரையும் மறுபடி விட்டார்கள். சாமுவேலை முதலில் ஒரு டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று மாஸ்டர் கேட்டு, காட்டி, நல்ல சுகம் என்று பதில் வந்த பிறகுதான் நான் சம்மதித்தேன்.

சாமுவேல் என் மேல் பாய்ந்து வந்தார். அவர் கோபமாக இருந்தார். என்னால் தோளைப் பார்க்க முடியவில்லை. கண் தானாக மேலே போய் முகத்தில் நின்றது. இடைவெளி தெரியும்போதெல்லாம், அடிக்குமுன், ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்தேன். இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அடித்தார். மூன்றாம் சுற்றுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு மாஸ்டரின் தொப்பி மேலே தெரிகிறது. கூடாரத் துணி அசைகிறது. வாய்க்குள் உப்பு.

"இது எந்தச் சுத்து, மகன்?"

"மூண்டு."

அது ஆறாம் சுற்று. என் தாடையெலும்பு உடைந்திருந்தது. மாஸ்டர் கையுறையின் கயிற்றை அவிழ்த்தார். துணிப்பட்டியையும் அவசரமில்லாமல் முழுக்க அவிழ்த்துச் சுருட்டினார். "இனிப் போதும் மகன். நீங்க மூஞ்சியப் பாக்கத் தொடங்கிட்டீங்க" என்றார். அதுதான் என் கடைசி ஆட்டம். பிறகு வெள்ளவத்தையிலேயே ஒரு நெசவாலையில் கேற்றுக் காவல் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் பின்னேரம் சாமுவேல் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தார். எனக்கு நாடியிலிருந்து உச்சந்தலைவரை துணி கட்டியிருந்தது. பல்லைத் திறக்காமல்தான் கதைக்கலாம். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். கோபம் போயிருந்தது.

முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றார். மனேஜர் சொன்னது, செபஸ்தியான் உன்னைப் பொம்மை மாதிரி நிற்கவைத்துச் சனத்துக்கு வேடிக்கை காட்டினான் என்று. அரிசிக் கடைக்காரர் சொன்னது, நீ பேசி வைத்து நின்றாய் என்று. தனக்கு ஒன்றும் தெரியாது, எதிரே நின்றவர் நீங்கள், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

முதல் மணியிலிருந்து சொன்னேன். வாய் திறக்க முடியாததால் மெல்ல மெல்லச் சொன்னேன். சிரித்ததையும், வழி விட்டதையும், கையை நீட்டியதையும், மழை என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவர் வேறு யாருடைய கதையையோ கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு அடி அடிச்சிருக்கலாம்ணே" என்றார். "விழுந்திருப்பேன். தோத்துட்டான்னு சொல்லியிருப்பாங்க. தோத்தவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டு. தலை சரியில்லைன்னு பேர் வந்தவனுக்கு யாரு குடுப்பா?"

"அடிச்சிருந்தா நீங்க எழும்பியிருப்பீங்களோ தெரியாது."

"அதுவும் தெரியாதுதான்" என்றார்.

பிறகு நேற்றைய கடைசி மூன்று சுற்றையும் சொல்லச் சொல்லி நான் அவரைக் கேட்டேன். எழுந்து நின்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். ஐந்தாம் சுற்றில் நான் ஒரு இடது கை வைத்தேனாம், அவருக்கு முழங்கால் மடிந்துவிட்டதாம், கயிற்றைப் பிடித்துத்தான் நின்றாராம். "நல்ல அடிண்ணே அது" என்றார். என் வாழ்க்கையில் நான் அடித்த மிக நல்ல அடி அதுவாக இருக்கலாம். அவர் வாயால் கேட்டதைத் தவிர அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

போக எழுந்தவர் வாசலில் நின்றார்.

"அன்னிக்கு, அது வரைக்கும், நான் நல்லா ஆடினேனா?"

"ஓம். மூண்டு சுத்திலயும் நீங்கதான் முன்னுக்கு."

"அப்ப அந்த ஆட்டம் எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார், துணி கட்டாத வெறும் கையால். அடுத்த மாதம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பிறகு அங்கே ஒரு ஆட்டத்தில் விழுந்து எழும்பவில்லை என்று ஒருவர் சொன்னார். இல்லை, லொறி ஓட்டுகிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் நேரில் கண்டதாகத்தான் சொன்னார்கள். அந்த நாலாம் சுற்றில் நான் செய்தது அந்த மனிசனைக் காப்பாற்றியதா, கெடுத்ததா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. புதுச் சட்டத்து டொக்டர் இருந்திருந்தால் அது அவருடைய பொறுப்பாகப் போயிருக்கும். அந்த அளவுக்கு இந்தச் சட்டம் நல்லது என்று மட்டும் சொல்லலாம்.

மலரில் என் படத்துக்குக் கீழே, ரங்கூன் சாமுவேலோடு இரண்டு ஆட்டம், ஒன்று முடிவில்லை, ஒன்று தோல்வி என்று போடப்போவதாகத் தம்பி ரஞ்சன் சொன்னார். இரண்டும் தோல்வி என்று போடச் சொன்னேன். "சபை அப்பிடித் தீர்க்கேல்லையே அங்கிள்" என்றார். சபை தீர்த்ததை எங்கே வேண்டுமானாலும் போடட்டும். என் படத்துக்குக் கீழே இரண்டு தோல்வி இருக்க வேண்டும். வாசலில் நின்று கேட்ட மனிசனுக்கு நான் சொன்ன சொல் அது.